நிற்கிற மிஷின்

நின்னு தொலையேன் என்று கலாமணி மனசுக்குள் சொன்னாள். சொன்ன கையோடு, நல்ல நாளும் அதுவுமாக இதென்ன பேச்சு என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, நில்லு கண்ணு, நல்ல பிள்ளையா நின்னுரு என்று மாற்றிச் சொல்லிக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிஷின் எதுவும் காதில் விழாததுபோல ஓடிக்கொண்டிருந்தது. விஜயதசமி, காலை பத்தே முக்கால். கோயமுத்தூரின் கணபதிப் பகுதியில் அந்தச் சந்து முழுக்கப் பட்டறைகள். நேற்று ஆயுத பூஜைக்கு நிறுத்திக் கழுவிப் பொட்டு வைத்த லேத்துகளையும் டிரில்லிங் மிஷின்களையும் இன்று நல்ல நேரத்தில் ஓட்டிவிட்டால் வருஷம் பூராவும் தடங்கல் இல்லாமல் ஓடும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டிருந்தார்கள். சந்தே கிடுகிடுத்தது. ஊர் மொத்தமும் ஓடு ஓடு என்று கும்பிட்டுக்கொண்டிருக்க, இவள் ஒருத்தி மட்டும் நில்லு நில்லு என்று கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள். சரஸ்வதிக்கு இன்றைக்குத் தலை சுற்றிப் போயிருக்கும், யார் கேட்டதை முதலில் கொடுப்பது என்று. அதை நினைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயில் பொரி இருந்ததால் சிரிக்க முடியவில்லை. பக்கத்தில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஃபிட்டர் வேலுச்சாமி, என்னக்கா என்று புருவத்தால் கேட்டார். ஒன்றுமில்லை என்று அவளும் புருவத்தாலேயே சொன்னாள். நெற்றியில் காலையில் வைத்த சந்தனம் காய்ந்துபோய் தோலைச் சுண்டி இழுத்தது.

சோதனை அறை என்று பெயர்தான் பெரிது. தகரத்தில் பத்துக்குப் பத்து கொட்டகை, ஒரே கதவு, கதவிடுக்கெல்லாம் டேப் ஒட்டி அடைத்தது, சுவரில் ஒரு கண்ணாடிச் சன்னல். உள்ளே நடுவில் மிஷின் மட்டும். ஆள் கிடையாது, ஆள் இருக்கவும் கூடாது. இரண்டு பேர் தூக்கிவிடக்கூடிய சின்ன ஜெனரேட்டர், பெட்ரோலிலும் ஓடும், கேஸிலும் ஓடும். இன்றைக்குக் கேஸ். சிலிண்டர் வெளியே இவள் காலடியில் இருந்தது, குழாய் மட்டும் சுவர் ஓட்டை வழியாக உள்ளே போயிருந்தது. உள்ளே கயிற்றில் தொங்கிய மீட்டர் அறைக் காற்றில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும். ஐந்து நிமிஷத்துக்கு முன் தொண்ணூறு. இப்போது இருநூற்றுப் பத்து. எண்ணூறைத் தொட்டால் மிஷினுக்குள் கலாமணி செய்து வைத்திருக்கும் சர்க்யூட் போர்டு முழித்துக்கொண்டு மிஷினைத் தானாக நிறுத்த வேண்டும், சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவுக்காக ஒன்றரை வருஷம் ஓடியிருந்தது. முதலாளி நாச்சிமுத்து நேற்று சுண்டல் தின்றுகொண்டே தீர்ப்பு சொல்லிவிட்டார்: நாளைக்கு என் கண் முன்னால் நின்றால், வடமழைக்கு முன்னால் போகிற நூறு மிஷினிலும் உன் போர்டு இருக்கும், நிற்காவிட்டால் போர்டு உன் மேசையிலேயே இருக்கட்டும், மிஷின் எப்போதும் போலப் போகட்டும். அவர் இப்போது வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, கைகள் இரண்டையும் வேட்டி முடிச்சின் மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷமாக நிற்காத மிஷின் செய்து பேர் வாங்கிய மனிதர். அவர் பட்டறையிலிருந்து போன மோட்டார் கிணற்றுக்குள் விழுந்த பிறகும் ஓடியது என்று கல்யாண வீடுகளில் கதை சொல்லுவார். அவரிடம் போய் இவள் முதல்முறை விஷயத்தைச் சொன்னபோது, வெற்றிலையைக்கூடத் துப்பாமல் கேட்டார்: “நிக்கற மிஷினையா அம்மிணி நான் விக்கோணும்?”

மிஷின் நின்றால்தான் மனுஷன் உயிரோடு நிற்பான் என்று அன்றைக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். நல்ல பதில்கள் எல்லாம் அவளுக்கு பஸ் ஏறிய பிறகுதான் வரும். போகட்டும், பதிலை இன்றைக்கு மிஷின் சொல்லும். எத்தனை அழகாக உட்கார்ந்திருக்கிறது பார். மஞ்சள் பெயின்ட், கைப்பிடியில் செவ்வந்திப்பூ, முகப்புத் தகட்டுக்கு நடுவில் ஒரு ரூபாய்க் காசை வைத்து அளந்தாற்போல வட்டமாகச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். அந்தப் பொட்டு கலாமணி வைத்தது. நேற்று மத்தியானம் மற்ற மிஷினுக்கெல்லாம் யார் யாரோ வைத்தார்கள். இதற்கு மட்டும் இவளே குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்கு வைக்கிற மாதிரி வைத்தாள். பத்தொன்பது வருஷமாக ஆயுத பூஜைக்கு ஜெனரேட்டர்களுக்குப் பொட்டு வைக்கிற விரல் இது. செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற பெண்ணாக வந்தவள், முதல் வருஷம் கம்பி அறுத்து இதே விரலில்தான் காயம், அப்புறம் ஐ.டி.ஐ.யில் படித்த எலக்ட்ரானிக்ஸ் வீணாகிறதே என்று நாச்சிமுத்துவே கையில் சால்டரிங் அயர்னைக் கொடுத்தார். ஈயம் உருகி ஒரு துளி பளபளவென்று உட்காருகிற அந்த நொடி அவளுக்கு இன்றைக்கும் அலுக்கவில்லை. சந்தோஷம் என்றால் அதுதான் என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள், அதனால் சொல்வதில்லை. இன்றைக்கும் காலையில் எழுந்ததிலிருந்தே காரணமில்லாமல் சந்தோஷம். புதுச் சுங்குடிச் சேலை உடம்பில் மொடமொடவென்று நின்றது, பஸ்ஸில் சன்னலோரம் கிடைத்தது, மல்லிகை வாடாமல் இருந்தது. காரணமில்லாமல் என்ன, காரணம் அதோ கண்ணாடிக்குப் பின்னால் ஓடுகிறதே. முந்நூற்று நாற்பது என்றது மீட்டர்.

முந்நூற்று நாற்பதில் சாந்தாமணிக்குத் தலைவலி ஆரம்பித்திருக்குமோ. இந்த நினைப்பு இந்த இடத்தில் வரும் என்று கலாமணிக்குத் தெரியும், ஒவ்வொரு சோதனையிலும் வருகிறது, பஸ் நிறுத்தம் மாதிரி. சாந்தாமணி தங்கை. கோத்தகிரியில் வீட்டுக்காரர் பழனிச்சாமியோடு பேக்கரி வைத்திருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் மூன்று நாள் கரண்ட் இல்லை. ஃபிரிட்ஜில் யாருடைய பிறந்தநாளுக்கோ கேக். ஜெனரேட்டர் வெளியே நனைகிறதே என்று பழனிச்சாமி அதைப் பின்னறைக்குள் இழுத்து வைத்தார். குளிருகிறதே என்று சன்னலைச் சாத்தினாள் சாந்தா. கேஸில்தானே ஓடுகிறது, அடுப்பும் கேஸில்தானே எரிகிறது, அடுப்பால் யார் செத்தார்கள் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டார்களாம். கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று அதற்கு ஒரு நாற்றம் சேர்த்து அனுப்புகிறார்கள். எரிந்து முடித்து வெளியே வருகிற இந்தச் சனியனுக்கு அதுகூட இல்லை. நிறமில்லை, மணமில்லை, ஒரு இருமல்கூட வராது. தலை வலித்தது, பசி என்று நினைத்து பன் தின்றார்கள். வாந்தி வந்தது, பன் சேரவில்லை என்று நினைத்தார்கள். கண்ணைச் சுழற்றியது, மூன்று நாள் அலைச்சல் என்று நினைத்துப் படுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் கையில் ஒரு காரணம். சாயங்காலம் நான்கு மணிக்குக் கேக் வாங்க வந்த பள்ளிக்கூடத்து டீச்சர் ஷட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்து, உள்ளே மிஷின் ஓடுகிறதே, ஆள் இல்லாமலா ஓடும் என்று பின்பக்கம் போய்க் கதவைத் தள்ளியதால் தப்பித்தார்கள். இரண்டு பேரையும் இழுத்து வெளியே போட்டு, ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, ஏற்றி அனுப்பிவிட்டு, அதற்கப்புறம் கேக்கையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாராம் அந்த டீச்சர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆக்ஸிஜன் முகமூடியைக் கழற்றியதும் சாந்தா கேட்ட முதல் கேள்வி, கேக்கில் பெயர் சரியாக எழுதியிருந்தேனா என்பதுதான். சொல்லிச் சொல்லி இப்போது அது வீட்டில் சிரிக்கிற கதையாகிவிட்டது.

சிரிக்காத பகுதி ஒன்று இருக்கிறது, அது கலாமணிக்கு மட்டும். அந்த மிஷின் இந்தப் பட்டறையில் செய்தது. காயில் கட்டியது இவள். தங்கை கடைக்கு என்று தானே நின்று பார்த்து வண்டியில் ஏற்றிவிட்டு, ஃபோனில் சொன்னாள்: பெட்ரோல்ல ஓட்டாத, கேஸ்ல ஓட்டு, புகையே வராதுடி. புகையே வராது. இவள் வாயிலிருந்து வந்த சொல். பெட்ரோலைவிடக் கொஞ்சம் குறைச்சலாக வரும் என்பதுதான் அதற்கு அர்த்தம், வெளியில் வைத்து ஓட்டினால் என்பதுதான் அதற்கு அர்த்தம், ஆனால் அர்த்தத்தையா ஃபோனில் சொன்னாள். ஐந்நூற்று அறுபது. சாந்தா ஒருமுறை சொன்னாள், பாத்திரம் கழுவிக்கொண்டே, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல. கை கால் வரவில்லையாம், காது மட்டும் கேட்டுக்கொண்டே இருந்ததாம், பக்கத்தில் மிஷின் ஓடுகிற சத்தம். “ஆராச்சும் அதை நிறுத்துங்களேன்னு நெனச்சேங்க்கா. வாய் வரலை.” அன்று ராத்திரி கலாமணி ஒரு பேப்பரை எடுத்து முதல் கோட்டைப் போட்டாள். வாய் வராதவர்களுக்காகத் தானே நிற்கிற மிஷின். அதற்கப்புறம் எத்தனை போர்டு, எத்தனை சென்சார், கருகினது பாதி, பயந்துபோய் ஊதுபத்திக்கெல்லாம் நின்றது பாதி. சாந்தா வீட்டு வாசலைத் தாண்டி எந்த ஜெனரேட்டரும் உள்ளே வந்ததில்லை அதற்கப்புறம். தெருவில் சத்தம் கேட்டால் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். கரண்ட் போனால் கடையைப் பூட்டிவிடுகிறாள். தினமும் காலையில் ஃபோன் பண்ணி, உன்ற மிஷின் நின்னுச்சா என்று கேட்கிறாள். ஊரில் எல்லா அக்காவையும் தங்கைகள், சாப்பிட்டியா என்று கேட்கிறார்கள்.

எழுநூற்று இருபது என்றார் வேலுச்சாமி. இவளுக்கே தெரிந்தாலும் யாராவது சொல்லக் கேட்பது நன்றாக இருந்தது. நாச்சிமுத்து நாற்காலியை விட்டு எழுந்து வந்து பின்னால் நின்றார், குட்டிக்கூரா பவுடர் வாசம் அடித்தது. எழுநூற்று அறுபது. அவளுக்குச் சின்ன வயதில் ராட்டினம் மேலே போகிறபோது வயிற்றில் வருகிற அந்தக் கிச்சுகிச்சு. எழுநூற்றுத் தொண்ணூறு. சேலை நுனியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். எண்ணூறு. இதோ. எண்ணூற்றுப் பத்து. கொஞ்சம் தாமதம் இருக்கும், காற்று உள்ளே போய்ச் சேர வேண்டுமே. எண்ணூற்று நாற்பது. போன வாரம் இவ்வளவு தாமதம் இல்லை, போன வாரம் பெட்ரோலில் எண்ணூறைத் தொட்ட எட்டாவது நொடி நின்றது, கேஸில் பதினோராவது நொடி. எண்ணூற்று எழுபது. மிஷின் சாந்தமாக ஓடிக்கொண்டிருந்தது, நாச்சிமுத்து பட்டறை மிஷின் என்றால் சும்மாவா, பொட்டும் பூவுமாக, நிற்கவே நிற்காது. தொள்ளாயிரத்துப் பத்து. ஒரு நிமிஷம் ஆயிருச்சுங்கக்கா என்று வேலுச்சாமி கடிகாரத்தைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். கலாமணி குனிந்து சிலிண்டர் வால்வை மூடினாள். மிஷின் இரண்டு முறை விக்கி, ஓய்ந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை. அது நின்றது இவள் நிறுத்தியதால். இவள் இல்லாத பின்னறைகளில் அது நின்றிருக்காது.

நாச்சிமுத்து திட்டியிருந்தால் தேவலை. தோளுக்குப் பின்னாலிருந்து, விடு அம்மிணி, தையில பாத்துக்கலாம் என்று தன்மையாகச் சொல்லிவிட்டு மரத்தடிக்கே போனார். தையில் என்றால் மழையெல்லாம் பெய்து ஓய்ந்த பிறகு. நூறு வீடு, நூறு கடை, நூறு பின்னறை. வேலுச்சாமி எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டார். மீட்டர் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை கதவைத் திறக்கக் கூடாது என்பது இவளே எழுதி ஒட்டிய சட்டம், இருபது நிமிஷமாவது ஆகும். அந்த இருபது நிமிஷமும் கலாமணி கண்ணாடியில் நெற்றி படாத குறையாக நின்று யோசித்தாள். எது. சென்சார் புதுசு, போன மாதம் வந்த பெட்டியில் ஒன்று. ஆனால் அந்தப் பெட்டியில் ஒன்பது நன்றாக இருந்ததே. சால்டரிங்கா. சென்சாரின் மூன்றாவது கம்பிக்காலை ஒட்டும்போது சாந்தா ஃபோன் பண்ணினாள், ஒரு கையில் ஃபோன், ஒரு கையில் அயர்ன், அப்போது ஈயம் சரியாக உட்காரவில்லையோ. உட்கார்ந்தது, பளபளத்தது, அவளுக்கு ஞாபகமிருக்கிறது. மிஷினை நிறுத்துகிற ரிலேயின் ஒயரை வேலுச்சாமி இறுக்கும்போது அறுந்திருக்குமோ. அவர் திருப்புளியைப் பிடித்தால் யானையைக் கட்டுகிற மாதிரிதான் இறுக்குவார். பாவம், அந்த மனிதர் பக்கத்திலேயே ஒரு வாய் பொரிகூட மெல்லாமல் நிற்கிறார், அவர் மேல் பழி போடுகிறாளே. சரி, சென்சார். இல்லை, சால்டரிங். இல்லை, ரிலே. மூன்றையும் சுற்றிச் சுற்றி வந்தது மனசு. ஃபோன் ஒருதரம் அடித்தது, சாந்தா. எடுக்கவில்லை. என்னவென்று சொல்வது, நிற்கலை என்றா. அறுநூறு. ஐந்நூற்று ஐம்பது. எண் ஏறும்போது பறந்தது, இறங்கும்போது ஊர்கிறது. உள்ளே மிஷின் குளித்துப் பொட்டு வைத்த குழந்தை மாதிரி, நான் என்ன பண்ணினேன் என்று பார்த்துக்கொண்டிருந்தது. வேர்வையில் நெற்றி அரித்தது. காய்ந்த சந்தனம் தகடாகி, புருவத்தைத் தூக்கினால்கூடத் தோல் இழுத்துப் பிடித்தது, தோலுக்குள் காற்றே போகாத மாதிரி. ஆள்காட்டி விரல் நகத்தால் சுரண்டினாள். ஒரு ரூபாய் அளவுக்குச் சந்தனத் தகடு அப்படியே பெயர்ந்து உள்ளங்கையில் விழுந்தது. நெற்றிக்குச் சில்லென்று மூச்சு வந்தது.

உள்ளங்கையைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். மறுபடி உள்ளங்கையைப் பார்த்தாள். ஒரு மணி நேரமாக இந்த அழகைத்தானே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முகப்புத் தகட்டின் நடுவில் வட்டமாக ஒரு பள்ளம். பழைய மாடலில் அந்த இடத்தில் ஒரு வெறும் மூடி இருக்கும். பத்தொன்பது வருஷமாக ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிற இடம் அது. சென்சார் மூச்சு வாங்க ஓட்டை வேண்டுமே, புதிதாக எதற்குத் துளைக்க வேண்டும், அந்த மூடியைக் கழற்றிவிட்டால் ஓட்டை ரெடியாக இருக்கிறது என்று அங்கேயே ஒரு ரூபாய் அளவுக்குச் சல்லடை வலை வைத்து, பின்னால் சென்சாரை உட்கார வைத்தவள் கலாமணி. நேற்று சூடம் காட்டி, மணி அடித்து, எல்லோரும் சாமி சாமி என்று கும்பிடும்போது, தலைகால் புரியாத சந்தோஷத்தில், பழக்கத்துக்குத் தானாகப் போன விரல், குழைத்த சந்தனத்தைக் கெட்டியாக எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மிஷினின் மூக்கை அடைத்துவிட்டு வந்திருக்கிறது. அதுவும் சும்மா இல்லை, நன்றாக இருக்க வேண்டும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டு அடைத்திருக்கிறது. கலாமணிக்குச் சிரிப்பு வந்தது. இந்த முறை வாயில் பொரி இல்லை. சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், தகரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். வேலுச்சாமி பயந்துபோய், உள்ளிருந்து புகை ஏதும் இந்தப் பக்கம் வந்து இவளுக்குத் தலைக்கேறிவிட்டதோ என்று அவள் கையைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். அந்த மாதிரிப் பயந்தவரைப் பார்த்து அவளுக்கு இன்னும் சிரிப்பு. மனுஷன் சட்டத்தை எவ்வளவு ஒழுங்காகக் கற்றிருக்கிறார்.

மூச்சு வந்ததும் நாச்சிமுத்துவிடம் உள்ளங்கையை நீட்டிச் சொன்னாள். அவர் சந்தனத் தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. “ஏன் அம்மிணி, நீயே வெச்சுப்போட்டே. செஞ்சவ நீ. வாங்கறவன் வெக்காம உடுவானா? அடுத்த வருசம் பூசையன்னிக்கு நூறு மிஷினுக்கும் மூக்கடச்சுப் போகுமே.” கலாமணியின் சிரிப்பு நின்றது. வாஸ்தவம். பொட்டு வைக்காதீர்கள் என்று புத்தகத்தில் அச்சடிக்கலாம். மிஷினை வீட்டுக்குள் வைக்காதீர்கள் என்றும்தான் அச்சடித்திருந்தது, பழனிச்சாமி அந்தப் பக்கத்தைப் பன் மடிக்க வைத்திருந்தார். மழை பெய்தால் மனுஷன் மிஷினை உள்ளே இழுக்கத்தான் செய்வான், அது நனைகிறதே என்ற பாசம். பூஜை வந்தால் பொட்டு வைக்கத்தான் செய்வான், அதுவும் பாசம். இந்த ஊரில் மிஷினுக்கு ஆபத்தெல்லாம் பாசத்தினால்தான் வரும்போல. கோபத்தில் யார் மூக்கை அடைத்தார்கள். அப்படியென்றால் பாசத்துக்கும் ஒரு இடம் விட வேண்டும். அதைச் சத்தமாகச் சொன்னாளா, நினைத்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை, ஆனால் கை தானாகத் தரையிலிருந்த சாக்பீஸை எடுத்துச் சிமெண்டில் மிஷினின் முகத்தை வரைந்துகொண்டிருந்தது. “பழைய மூடிய அங்கயே போட்டுருவோங்கய்யா. நடுவுல, வட்டமா, பொட்டுக்குன்னே. ஒரு வேலையும் இல்லாத எடம். மூக்கைக் கைப்பிடிக்குக் கீழ பக்கவாட்டுல வெச்சரலாம், அங்க ஆரும் சந்தனம் வெக்கமாட்டாங்க.” நாச்சிமுத்து குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தார். நடுவில் இருந்த வெறும் வட்டத்தை, ஒரு வேலையும் இல்லாத அந்த இடத்தை, வெகுநேரம் பார்த்தார். அப்புறம் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. நாற்பது வருஷமாக நிற்காத மிஷின் செய்த மனிதர் மரத்தடியில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நல்ல நேரம் முடிய இன்னும் முக்கால் மணி இருக்கிறது என்றும், அதற்குள் இப்போதைக்கு மூக்கைத் துடைத்துவிட்டு ஓட்டு என்றும் சிரிப்புக்கு நடுவில் சொன்னார்.

பூஜ்யம் ஆனதும் கதவைத் திறந்தார்கள். கலாமணி பழைய டூத் பிரஷ்ஷை நனைத்து வலையின் ஒவ்வொரு கண்ணாகச் சுத்தம் பண்ணினாள், துணியால் ஒற்றினாள், சின்னப் புளோயரால் காய வைத்தாள், டார்ச் அடித்துப் பார்த்தாள். மன்னிச்சுக்க கண்ணு என்று குங்குமத்தில் மிச்சமிருந்ததை முகப்புத் தகட்டின் மூலையில் இட்டாள், வெறும் நெற்றியோடு விட மனசு வரவில்லை. கதவை அடைத்து டேப் ஒட்டினார்கள். மிஷின் ஓடியது. அறுபது, நூற்று முப்பது, இருநூறு. கலாமணிக்கு இப்போது சென்சார் இல்லை, சால்டரிங் இல்லை, ரிலே இல்லை. மனசு துடைத்த வலை மாதிரி இருந்தது. நானூற்று ஐம்பதில் மறுபடி ஃபோன் அடித்தது. கொஞ்சம் தயங்கினாள். தெருவில் சத்தம் கேட்டால் கதவைச் சாத்துகிறவள். ஆனாலும் எடுத்து, சாந்தா, ஒரு சத்தம் கேக்கும், பயப்படாத, வெச்சறாத, நான் பக்கத்துலயே இருக்கேன் என்று சொல்லி ஃபோனைத் தகரச் சுவரோடு சேர்த்துப் பிடித்தாள். அந்தப் பக்கம் பேக்கரியின் தட்டுச் சத்தம் சட்டென்று நின்றது. வைத்துவிட்டாளோ என்று பார்த்தாள். வைக்கவில்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அறுநூறு. அறுநூற்று எண்பது. கோத்தகிரியில் ஒருத்தி மூச்சு விடுவது இங்கே கேட்டது, அல்லது கேட்டதாக இவள் நினைத்தாள். எழுநூற்று ஐம்பது. நாச்சிமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எண்ணூறு. வேலுச்சாமி ஒன்று, இரண்டு என்று எண்ணினார். ஒன்பது என்று சொல்ல வாயைத் திறந்தபோது உள்ளே டக் என்றது, மிஷின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது, சிவப்பு விளக்கு எரிந்தது. சந்து முழுக்க லேத்துகள் ஓடிக்கொண்டிருந்தாலும், அந்தத் தகரக் கொட்டகையைச் சுற்றி அப்படி ஒரு நிசப்தம்.

“நின்னுருச்சாக்கா?”

“நின்னுருச்சு கண்ணு.”

“ஆரு நிறுத்துனாங்க?”

கலாமணி சிலிண்டரைப் பார்த்தாள். வால்வு முழுசாகத் திறந்துதான் இருந்தது. தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். ஒன்றில் ஃபோன், ஒன்றில் சேலை நுனி. “ஆரும் இல்ல சாந்தா. அதுவாத்தான் நின்னுச்சு.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, பிறகு யாரோ வாடிக்கையாளருக்குச் சாந்தா இரண்டு தேங்காய் பன் எடுத்துக் கொடுத்தாள், அதையெல்லாம் கேட்டுக்கொண்டு கலாமணி நின்றாள். நாச்சிமுத்து கண்ணாடி வழியாகச் சிவப்பு விளக்கையே பார்த்தபடி, நூறுலயும் போட்டுரு அம்மிணி என்றார். பன்னுக்குக் காகிதம் மடித்து முடித்துவிட்டு, சாந்தா ஃபோனுக்குத் திரும்பி வந்தாள்.

“மழைக்கு முந்தி எனக்கொண்ணு ஏத்திவிடுக்கா,” என்றாள். “வெளியதான் வெப்பேன். பொட்டும் வெப்பேன், சொல்லிப்போட்டேன்.”

வைடி, தாராளமா வை, அதுக்குன்னே எடம் விட்டிருக்கு என்றாள் கலாமணி.